புடாபெஸ்ட் மறுசீரமைப்புப் பகுதியில் முதலீட்டுக்காக வீடு வாங்கலாமா?

டான்யூப்கரையோன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். ஐந்தாண்டுகளாகப் புடாபெஸ்டில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். இந்தியக் கடவுச்சீட்டுடன், வசிப்பு அனுமதியின் பேரில் இங்கே இருக்கிறேன். என்னுடைய சேமிப்பையும் மனைவியின் சேமிப்பையும் சேர்த்து, வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு வீடு வாங்க எண்ணியிருக்கிறோம். பார்த்த இரண்டுமே எட்டாம் மாவட்டமான யோஜெஃப்வாரோஷில் உள்ளன. முதலாவது, கோர்வின் பகுதிக்குப் பின்புறம் இன்னும் கட்டி முடிக்கப்படாத 45 சதுர மீட்டர் வீடு. இரண்டாண்டுகளில் சாவி தருவதாகச் சொல்கிறார்கள். இரண்டாவது, மக்தோல்னா பகுதியில் நூறாண்டைத் தாண்டிய ஒரு கட்டடத்தின் முதல் மாடியில் 52 சதுர மீட்டர் வீடு. சதுர மீட்டர் விலை முன்னதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. "இந்த வட்டாரமே மாறிக்கொண்டிருக்கிறது, இப்போது விட்டால் பிறகு கிடைக்காது" என்று தரகர் நாள்தோறும் அழைக்கிறார். ஐந்தாறு ஆண்டுகள் வைத்திருந்து விற்பது எங்கள் திட்டம். உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

எட்டாம்மாவட்டத்தான்:

தரகர் சொல்வது பொய்யில்லை, வட்டாரம் மாறத்தான் செய்கிறது. ஆனால் அந்த மாற்றத்துக்கான விலையை விற்பவர் ஏற்கெனவே உங்களிடம் கேட்டுவிட்டார் என்பதைக் கவனியுங்கள். மறுசீரமைப்புப் பகுதியில் நாம் வாங்குவது பாதி வீடு, பாதி வாக்குறுதி. வாக்குறுதி தாமதமானால் அந்தத் தாமதத்துக்கான செலவு யார் தலையில் விழும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கோர்வின் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 22 ஹெக்டேர் பரப்பில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வீடுகளை இடித்துவிட்டு 2000களின் நடுவில் தொடங்கிய திட்டம் அது. அந்த ஆண்டுகளில் அயர்லாந்துக்காரர்கள் புடாபெஸ்டில் வரைபடத்தைப் பார்த்தே வீடு வாங்கினார்கள். பிறகு 2008 நெருக்கடி வந்தது. நகரின் வீட்டு விலை சரிந்து, 2013-14 வாக்கில்தான் அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பியது. இன்று அந்த நடைவீதியில் நடந்து பார்த்தால் திட்டம் வெற்றி என்றே தோன்றும், அதில் தவறுமில்லை. ஆனால் 2007இல் வாங்கி 2012இல் விற்க நேர்ந்தவருக்கு அந்த வெற்றியால் எந்தப் பயனும் இல்லை. உங்களுடைய ஐந்தாறு ஆண்டுக் கணக்கு எனக்கு உறுத்துவது இதனால்தான்.

பணம் யூரோவில் வந்தவர்களுக்கு இன்னோர் அடியும் விழுந்தது. 2008 கோடையில் ஒரு யூரோவுக்குச் சுமார் 230 ஃபோரிண்ட், 2022 அக்டோபரில் 430 வரை போனது. நீங்கள் ஃபோரிண்டில் சம்பளம் வாங்கி இங்கேயே செலவழிப்பவராக இருந்தால் இது பெரிய கவலையில்லை. ஒருநாள் பணத்தை ஊருக்கு எடுத்துச் செல்ல நினைத்தால் கவலைதான்.

உள்கட்டமைப்பு பற்றிய வாக்குறுதிகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். நான்காம் மெட்ரோ தடத்தின் கட்டுமானம் 2006இல் தொடங்கியது. இதே எட்டாம் மாவட்டத்திலுள்ள ராகோட்ஸி சதுக்கத்தில் மக்கள் ரயில் ஏறியது 2014 மார்ச்சில். அண்மையில் ராகோஷ்ரெண்டெசோவின் பழைய ரயில் நிலத்தில் நடந்ததும் நினைவிருக்கும். அமீரக முதலீட்டாளர் வானளாவிய கோபுரங்கள் கட்டப் போகிறார் என்று பேச்சு கிளம்பியது. 2025 ஜனவரியில் தலைநகர நிர்வாகம் தன் நிறுவனத்தின் மூலம் முன்வாங்கும் உரிமையை (பிறருக்கு விற்கும் முன் தானே வாங்கிக்கொள்ளும் உரிமை) பயன்படுத்தி, ஏறத்தாழ 51 பில்லியன் ஃபோரிண்ட் விலையில் அந்த நிலத்தைத் தன்பக்கம் எடுத்துக்கொண்டது. அந்தக் கோபுரங்களை நம்பி அக்கம்பக்கத்தில் வீடு வாங்கியவர்கள் வேறொரு திட்டத்துக்காக இப்போது காத்திருக்க வேண்டியதுதான்.

கங்குவீட்டுக்காரி:

நான் பழைய வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் சூடுபட்டவள் நான். இதே மாவட்டத்தில், நடுவில் முற்றமும் அதைச் சுற்றி இரும்புக் கம்பி அழி போட்ட நடைபாதையும் உள்ள கட்டடமொன்றில் எனக்கு ஒரு வீடு உண்டு. இங்கே அந்த நடைபாதையைக் "கங்" என்பார்கள். பார்க்க வந்த அன்று மாலை வெயில் முற்றத்தில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது, எதிர்வீட்டுப் பாட்டி ஜெரேனியத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அதில் மயங்கி, கங்கின் அடியில் முட்டுக்கொடுத்திருந்த மரக்கட்டைகளை நான் சரியாகப் பார்க்கவில்லை. அந்தக் கட்டைகள் ஏதோ பழைய காலத்து அலங்காரம் என்று நினைத்துக்கொண்டேன்!

வாங்கிய மறு ஆண்டே உரிமையாளர் கூட்டத்தில் கூரைக்கும் கங்குக்கும் சேர்த்துச் சிறப்பு வசூல் முடிவாயிற்று. என் பங்கு ஏழு மாத வாடகைக்குச் சமம். கட்டடத்தில் சில வீடுகள் உள்ளாட்சிக்குச் சொந்தமானவை. அவர்களுடைய பங்குக்கு நிதி ஒதுக்கீடு வருவதற்குள் இரண்டு குளிர்காலம் போயிற்று, அதுவரை வேலை நகரவில்லை. ஆகவே நீங்கள் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். நிலவறைக்குள் இறங்கி மூச்சை இழுத்துப் பாருங்கள், ஈரவாடை அடிக்கும். தண்ணீர்க் குழாய் ஈயமா என்று கேளுங்கள். பழைய உள்நகரக் கட்டடங்களில் அது இன்னும் இருக்கிறது. சுவரில் அறையைச் சூடாக்கும் எரிவாயு கன்வெக்டர் இருந்தால் அதை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கடந்த மூன்றாண்டு உரிமையாளர் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பையும், பராமரிப்பு நிதியில் எவ்வளவு இருப்பு, யார் யார் பாக்கி என்ற கணக்கையும் கட்டடத்தின் பொது நிர்வாகியிடம் கேட்டு வாங்குங்கள். ஹங்கேரிய மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரை வைத்துப் படியுங்கள். தரகர் காட்டும் படங்களில் இவை எதுவும் இருக்காது.

மக்தோல்னாவைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 2005 முதல் நடந்த திட்டம் கோர்வினைப் போல இடித்துக் கட்டும் திட்டமல்ல. குடியிருப்பவர்களை அப்புறப்படுத்தாமல் கட்டடங்களையும் தெருக்களையும் பள்ளியையும் சீர்படுத்துவதே அதன் நோக்கம். மனிதத்தன்மையான வழி என்று நான் மதிக்கிறேன். ஆனால் விலை ஒரே தாவலாகத் தாவும் என்று எதிர்பார்த்து அங்கே வாங்குவது பொருந்தாது.

பத்திரம்படிப்பவர்:

சட்டப் பக்கத்தைச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் அல்லன். இங்கே மூன்று முறை வாங்கி, ஒரு முறை விற்றவன்.

ஐரோப்பிய ஒன்றியக் குடிமகன் அல்லாத உங்களுக்கு அரசு அலுவலகத்தின் அனுமதி தேவை. கட்டணம் 50,000 ஃபோரிண்ட்தான், ஆனால் அனுமதி வரும்வரை உரிமை உங்கள் பெயருக்கு மாறாது. ஒப்பந்தத்தில் வழக்கறிஞர் ஒப்பமிடுவது கட்டாயம், சொத்து மாற்ற வரி 4 சதவீதம். வீடு வாங்கினால் வசிப்பு உரிமை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலீடு செய்யும் வெளிநாட்டவருக்கு வசிப்பு உரிமை தரும் விருந்தினர் முதலீட்டாளர் திட்டத்தில் 5 இலட்சம் யூரோவுக்கு நேரடியாக வீடு வாங்கும் வழி 2025 தொடக்கத்தில் திறக்கவிருந்தது, திறக்கும் முன்பே அதை நீக்கிவிட்டார்கள்.

நம்மூர் வில்லங்கச் சான்றுக்கு ஒப்பானது இங்கே "துலாய்தோனி லாப்". மூன்று பகுதிகள்: முதலில் சொத்தின் விவரம், இரண்டாவதில் உரிமையாளர், மூன்றாவதில் அடமானம் முதலிய வில்லங்கங்கள். இவற்றுக்கும் மேலாக ஓரக்குறிப்பு ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு அலுவலகத்துக்கு ஒரு மனு வந்துசேர்ந்து, இன்னும் முடிவாகவில்லை என்பதற்கு அடையாளம் அது. ஓரக்குறிப்பு இருந்தால், அது என்னவென்று உங்கள் வழக்கறிஞர் எழுத்தில் சொல்லும்வரை ஒரு காசும் கொடுக்க வேண்டாம். உள்ளாட்சிக்கு முன்வாங்கும் உரிமை இருக்கிறதா என்பதையும் அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

பணம் கொடுக்கும்போது சொல்லில் கவனம் தேவை. "ஃபோக்லலோ" என்று எழுதிக் கொடுத்தால், நீங்கள் பின்வாங்கினால் அது போயிற்று; விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். வெறும் "எலோலெக்" என்றால் அது முன்பணம் மட்டுமே, பேரம் முறிந்தால் அப்படியே திரும்பி வரும். தாளில் ஒரு சொல்தான் மாறுகிறது, ஆனால் போவது பல இலட்சம் ஃபோரிண்ட்.

கட்டப்படும் வீட்டில் ஆபத்து வேறு வகை. மனையின் மேல் கட்டுநருடைய வங்கியின் அடமானம் இருக்கும். நீங்கள் முழுத்தொகையும் கட்டியபின் உங்கள் வீட்டை மட்டும் அடமானத்திலிருந்து விடுவிப்பதாக அந்த வங்கி எழுதித் தருமா என்று கேளுங்கள். தவணைகள் நாள்காட்டிப்படி அல்லாமல், முடிந்த வேலையின் படி இருக்க வேண்டும். மதிப்புக்கூட்டு வரி ஏறினால் கூடுதல் தொகையை யார் ஏற்பது என்ற பிரிவையும் தேடுங்கள்: புதிய வீடுகளுக்கு 2016இல் 5 சதவீதம், 2020இல் மீண்டும் 27, 2021இல் திரும்பவும் 5 என்று அது ஊஞ்சலாடியிருக்கிறது.

டான்யூப்கரையோன்:

மூவருக்கும் நன்றி. தரகர் இப்போது, "சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விட்டால் இரட்டிப்பு வருமானம்" என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார். அது நடக்கக்கூடியதா?

கணக்குப்பிள்ளை:

அந்தக் கதவு மூடிக்கொண்டிருக்கிறது. புடாபெஸ்டில் 2025, 2026 ஆகிய இரண்டாண்டுகளுக்குப் புதிய குறுகியகால வாடகைப் பதிவுகளை அரசு நிறுத்திவைத்தது. அறை ஒன்றுக்கான ஆண்டு வரியும் 38,400 ஃபோரிண்டிலிருந்து 1,50,000 ஆயிற்று. ஆறாம் மாவட்டமான தெரேஸ்வாரோஷில் 2024 செப்டம்பரில் வாக்கெடுப்பே நடத்தி, 2026 தொடக்கம் முதல் தடை என்று முடிவெடுத்தார்கள். ஆகவே மாத வாடகையை வைத்தே கணக்கிடுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, சதுர மீட்டருக்கு 15 இலட்சம் ஃபோரிண்ட் என்று 45 மீட்டரை வைத்தால் 6.75 கோடி. வரியும் வழக்கறிஞர் செலவும் சேர்த்து ஏறத்தாழ 7.09 கோடி. மாத வாடகை 2,60,000 என்றும், ஆண்டுக்கு ஒரு மாதம் காலி என்றும் கொள்வோம்: 28.6 இலட்சம். வாடகையில் செலவுக்கென்று பத்து சதவீதக் கழிவு போக மீதிக்கு 15 சதவீத வருமான வரி, பொதுப் பராமரிப்பு, சில்லறைப் பழுது எல்லாம் கழித்தால் கையில் நிற்பது சுமார் 21 இலட்சம், அதாவது 3 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. 2025இல் ஹங்கேரிய அரசுப் பத்திரங்கள் 6 சதவீதத்துக்கு மேல் கொடுத்தன. மீதி இலாபம் முழுவதும் விலையேற்றத்தில்தான் வர வேண்டும்.

விலை ஏறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2010க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே வீட்டு விலை மிக அதிகமாக ஏறிய நாடு இது. மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் 2025 செப்டம்பரில் தொடங்கிய 3 சதவீத வட்டி முதல்வீட்டுக் கடனுக்கு, அடுக்குமாடி வீடு சதுர மீட்டருக்கு 15 இலட்சம் ஃபோரிண்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. நீங்கள் அந்த விலைக்கே வாங்கிவிட்டு மேலே விற்கப் போனால், அந்த மலிவுக் கடனோடு வருகிற கூட்டம் உங்கள் வாசலைத் தாண்டிப் போய்விடும். விதி மாறலாம், கடனே நின்றும் போகலாம். இரண்டுமே அரசியல் முடிவுகள், உங்கள் கையில் இல்லை. இன்னொன்று: வாங்கிய ஆண்டுக்குப் பின் வரும் ஐந்தாம் ஆண்டு முதல் விற்பனை இலாபத்துக்கு வரி இல்லை, அதற்கு முன் விற்றால் படிப்படியாக உண்டு. ஆகவே அவசரத்துக்கு விற்க வேண்டிய நிலை வராதபடி கையில் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

டான்யூப்கரையோன்:

நேற்றுப் பழைய வீட்டின் துலாய்தோனி லாப் எடுத்தேன். மூன்றாம் பகுதியில் ஒரு வங்கி அடமானம், மேலே இரண்டு வாரத்துக்கு முந்தைய ஓரக்குறிப்பு. தரகர் அதைப் பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. உரிமையாளர் கூட்டம் அடுத்த மாதமாம், கூரை வேலை நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. கூட்டம் முடியும்வரை ஃபோக்லலோ கிடையாது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவருடைய அழைப்பு நின்றுவிட்டது.

கங்குவீட்டுக்காரி:

சரியாகச் செய்தீர்கள், தம்பி. கூட்டம் முற்றத்திலேயே நடந்தால் மேலே நின்று கேட்க விற்பவரிடம் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கூரைக்கு யார் கை தூக்குகிறார்கள், யார் தூக்கவில்லை என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.