மறு: ‘ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன்ஸ்’ தமிழில் எப்படி?

அன்பர்களே,

எங்கள் பெரம்பூர் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் பேச வருபவர் அரசியல் நோக்கராகத் தொடங்கி, செய்தித் தொலைக்காட்சியில் சில காலம் இருந்துவிட்டு, இப்போது ‘ஸ்ட்ராட்டஜிக் கம்யூனிகேஷன்ஸ்’ செய்கிறார். முதல் இரண்டையும் அழைப்பிதழில் எழுதிவிட்டேன். மூன்றாவதில் மாட்டிக்கொண்டுதான் அதற்குத் தமிழ்ச் சொல் என்ன என்று போன வாரம் இங்கே கேட்டேன்.

வந்தவற்றில் ‘உத்திசார் தகவல்தொடர்பு’ வம்பில்லாதது என்று அச்சகத்துக்கு எடுத்துப் போனேன். தட்டச்சு செய்யும் பையன் படித்துவிட்டு, “டவர் வைக்கிற கம்பெனியா சார்?” என்றான். அவன் மேல் தப்பில்லை. தகவல்தொடர்பு என்றால் நம் காதில் விழுவது தொலைபேசிதான். ‘மக்கள் தொடர்பு’ என்பதையோ அரசு அலுவலர்களும் சினிமாக்காரர்களும் எப்போதோ எடுத்துக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர் தந்த ‘மூலோபாயத் தொடர்பாடல்’ அங்கே புழங்கும் சொல். இங்கே உபாயம் என்றாலே கொஞ்சம் நரிக்கதை வாசனை.

‘வியூகம்’ பற்றித்தான் அதிகம் யோசித்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் பிரசாந்த் கிஷோர் தி.மு.க.வுக்கு வேலை செய்தபோது ‘தேர்தல் வியூக வகுப்பாளர்’ பத்திரிகைகளில் நன்றாகவே ஊன்றிவிட்டது. ஸ்ட்ராட்டஜிக்குக் கிரேக்க மூலமும் படைத்தலைவன்தான். ஆனாலும் வியூகம் என்பது களத்தில் படை நிற்கும் அமைப்பு. மருத்துவமனைக்கு இந்த வேலை செய்பவரை வியூக வகுப்பாளர் என்றால், யாரோடு சண்டை என்று கேட்பார்கள்.

அந்த வேலைதான் என்ன? எங்கள் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசியவில்லை என்றுதான் முதலில் அறிக்கை வந்தது. அடுத்த சில நாளில் எர்ணாவூர் கரையில் ஆட்கள் வாளியால் தார் போன்ற கசடை அள்ளிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வந்த எந்த அறிக்கையையும் மீனவர்கள் நம்பத் தயாராக இல்லை. எதை, யாரிடம், எந்த நேரத்தில், எந்த வரிசையில் சொல்வது, தெரியாததைத் தெரியாது என்று எப்போது ஒப்புக்கொள்வது என்று முன்கூட்டியே திட்டமிடுவதுதான் இந்தத் தொழில். இதை வைத்து உண்மையை மறைக்கவும் செய்யலாம், அது வேறு கதை.

அப்படிப் பார்த்தால் ‘உத்தி’யே போதும். நன்னூல் 32 உத்திகளை எண்ணுகிறது. ‘ஓத்துமுறை வைப்பு’ (இயல்களை முறைப்படி வரிசையாக வைப்பது), ‘பின்னது நிறுத்தல்’ (பின்னால் வர வேண்டியதைப் பின்னால் வைப்பது) என்று பாதிக்கு மேல் சொல்லும் முறையைப் பற்றியவை. சண்டையின் நெடி இல்லாத சொல். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்.

எனக்கு முதலில் பிடித்தது ‘சொல்லுத்தி’. கச்சிதமாக இருக்கிறதே என்று பையனிடம் காட்டினேன். “சொல்புத்தி சுயபுத்தி மாதிரியா சார்?” என்றான். சரி, விட்டுவிட்டேன். தவிர, இந்த வேலையில் படமும் உண்டு, வாய் திறக்காமல் இருப்பதும் உண்டு. சொல் என்பதற்குள் அவை அடங்கா.

ஆகவே ‘செய்தி உத்தி’, செய்பவர் ‘செய்தி உத்தியாளர்’. செய்தி என்றால் நாளிதழ்ச் செய்தியா, சொல்லி அனுப்பும் செய்தியா என்று குழப்பம் வரும் என்பீர்கள். வரட்டும், இவர் இரண்டிலும் இருந்தவர்தானே. அரசியல் நோக்கர், ஊடகர், செய்தி உத்தியாளர் என்று வரிசையாக எழுதிப் பார்த்தேன், கண்ணை உறுத்தவில்லை.

வியாழக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்லது இருந்தால் அதற்குள் எழுதுங்கள். பையனிடமும் ஒருமுறை காட்டிவிடுகிறேன்.