ஃப்ரீ ஆரி கிளாஸ்ல வந்தவங்க பெய்டு கோர்ஸுக்கு வர என்ன பண்ணலாம்? ஹெல்ப் பண்ணுங்க

எல்லாருக்கும் வணக்கம். நான் ஈரோட்டுல வீட்டுலயே ஆரி ஒர்க் (கொக்கி ஊசியில போடற எம்பிராய்டரி) பண்றேன், கல்யாண பிளவுஸ் ஆர்டர்தான் மெயின். போன மாசம் ஆன்லைன்ல அஞ்சு நாள் ஃப்ரீ கிளாஸ் எடுத்தேன், வாட்ஸ்அப் குரூப்ல 83 பேர் சேந்தாங்க, ஜூம் ஃப்ரீ அக்கவுண்ட்ங்கறதால 40 நிமிஷத்துல கட் ஆகிடும், திரும்ப லிங்க் அனுப்பி எல்லாரும் உள்ள வர்றதுக்குள்ள பாதி பேர் போயிடுவாங்க. செயின் ஸ்டிட்ச்ல நூலை மாட்டி மேல இழுக்கும்போது ஊசியை லேசா திருப்பணும், அது வராமதான் நிறைய பேருக்கு துணியில சிக்கிக்குது, அதை மட்டும் கிட்டக்க வச்சு வீடியோ எடுத்து போட்டேன், ஒரு அக்கா ராத்திரி 11 மணிக்கு முதல் வரிசை போட்டு போட்டோ அனுப்பினாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஆனா அட்வான்ஸ் கோர்ஸ் 1500 ரூபான்னு சொன்னதும் சேந்தது நாலே பேர்.

ஐஐடிக்காரங்க ஆன்லைன்ல பாடம் நடத்துற என்பிடெல்ல பாடம் ஃப்ரீ, எக்ஸாமுக்கு மட்டும்தானே ஃபீஸ். அதே மாதிரி வீடியோ எல்லாத்தையும் ஃப்ரீயா விட்டுட்டு, ஒவ்வொருத்தங்க ஒர்க்கையும் நான் பாத்து திருத்தி சொல்றதுக்கு மட்டும் காசு வாங்கலாமான்னு யோசிக்கிறேன். யூடியூப்ல விளம்பர வருமானம் வர 1000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருஷத்துல 4000 மணி நேர வியூஸும் வேணும், நான் இன்னும் 212லதான் நிக்கிறேன், அதை நம்பி உக்கார முடியாது. ஸ்டாண்டு, ஊசி, ஜர்தோசி, மணி எல்லாம் கிட்டா போட்டு கொரியர்ல அனுப்பினா அதுல கொஞ்சம் நிக்கும்னு வீட்டுக்காரர் சொல்றாரு.

இந்த மாதிரி கிளாஸ் எடுக்கறவங்க யாராவது இருந்தா ப்ளீஸ் சொல்லுங்க, ஃப்ரீயா எதுவரைக்கும் சொல்லித்தரலாம், ஃபீஸை ரெண்டு தவணையா வாங்கினா சேருவாங்களா?