மீன்பிடிப் படகில் மேல்தளம் போட்டு 30 பேரை ஏற்றலாமா?

கழிமுகம்:
12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், பழைய ஃபைபர் மீன்பிடிப் படகு. ஆள் ஏறினால் மொத்த எடை 9 டன் வரும். கீழே 20, மேல்தளம் போட்டு அங்கே 10 என்று முகத்துவாரத்திலிருந்து தீவு வரை பயணிகளை ஏற்றத் திட்டம். 30 லைஃப் ஜாக்கெட் வாங்கியாச்சு. படகைச் சோதித்துச் சான்று தரும் சர்வேயர் வேறென்ன பார்ப்பார்? ஆட்களுக்கு வேலை நேரம் எப்படி வைப்பது?

ஏராக்கட்டை:
இருக்கையை எண்ணி ஆள் கணக்குப் போடுவதே கோளாறு. ஒரு பயணிக்கு 75 கிலோ. 10 பேர் கீழிருந்து 2.1 மீட்டர் மேலே போனால் 750 × 2.1 = 1,575. இதை 9,000ஆல் வகுத்தால் படகின் எடை மையம் 17.5 செ.மீ. ஏறிவிடுகிறது. சாய்ந்த படகை நிமிர்த்துவது ஜி.எம். என்கிற உயரம். எடை மையம் ஏறும் அளவுக்கு அது குறையும். சர்வதேச விதி கேட்கும் குறைந்தபட்சமே 15 செ.மீ.தான். தளத்தின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவில்லை.

அடுத்தது, எல்லாரும் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் சாய்வு 10 டிகிரியைத் தாண்டக் கூடாது. 20 பேர் 1 மீட்டர் நகர்ந்தால், ஜி.எம். அரை மீட்டர் என்று வைத்தாலும் உங்கள் படகு 18 டிகிரி சாயும். டால்பின் தெரிந்தால் 'உட்காரவும்' போர்டை யார் படிப்பார்கள்? 7.5.2023 அன்று கேரளத்தின் தானூரில் கவிழ்ந்ததும் மாற்றிக் கட்டிய மீன்பிடிப் படகுதான், இரண்டு தளம், அளவுக்கு மீறிய கூட்டம். 22 பேர் இறந்தார்கள்.

மேல்தளத்தை மறந்துவிடுங்கள். கித்தான் கூரை போதும், அதில் ஏற ஏணி வேண்டாம்.

கழிமுகம்:
சரி, கூரை மட்டும். பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், அது பரவாயில்லையா?

மிதவை:
அப்படி விடக் கூடாது. 6 மீட்டர் நீளம், 1.8 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் தடையின்றி அலைந்தால் ஜி.எம். சுமார் 30 செ.மீ. குறையும். ஆழத்தைவிட அகலம்தான் ஆபத்து. நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு வைத்தால் இழப்பு கால்வாசியாகும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் ப்ரொபெல்லர் தண்டின் கிளாண்டை (தண்டு படகைத் துளைத்து வெளியேறும் இடத்தின் அடைப்பை) பாருங்கள். அதில் தண்ணீரைத் தடுக்கச் சுற்றியிருக்கும் பேக்கிங் கயிறு தேய்ந்திருக்கும்.

எடையை நகர்த்திச் சாய்வை அளக்கும் சர்வேயரின் சாய்வுச் சோதனைக்கு முன் நீங்களே ஒரு பரிசோதனை செய்யலாம். கயிறுகளைத் தளர்த்தி, முழு எடைக்கு மணல் மூட்டைகளைக் கட்டி வைத்து, படகை ஆட்டிவிட்டு 10 முழு ஆட்டத்துக்கு நேரம் எடுங்கள். 3 மீட்டர் அகலத்துக்கு ஓர் ஆட்டம் 2.5 நொடி என்றால் ஜி.எம். ஏறக்குறைய 1 மீட்டர், நல்லது. 6 நொடி எடுத்து மெதுவாக ஆடினால் 15 செ.மீ.தான் இருக்கும். 'சொகுசா ஆடுது' என்று பயணிகள் பாராட்டும் படகு இதுதான். சர்வேயரின் சோதனைக்கு இது மாற்று இல்லை.

ஜாக்கெட் எல்லாம் பெரியவர் அளவா? குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் கழுத்து வழியாக உருவிக்கொண்டு போகும். கவட்டைப் பட்டையுள்ள சிறிய அளவு தனியாக வேண்டும். பயணிகள் எண்ணிக்கையில் 10 சதவீதம் குழந்தை ஜாக்கெட் போதும் என்பது பெரிய கப்பலுக்கான கணக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போதாது. ஏறும்போதே மாட்டிவிட வேண்டும், பக்கங்களும் திறந்தே இருக்கட்டும். மூடிய அறைக்குள் படகு கவிழ்ந்தால் அதே ஜாக்கெட் ஆளை மேலே அழுத்திவிடும், வாசலுக்குக் குனிய முடியாது.

ஸ்ராங்கு:
வழித்தடத்தை முதலில் எழுதிக்கொடுங்கள். முகத்துவாரத்துக்கு உள்ளே என்றால் 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டம். வெளியே போனால் வணிகக் கப்பல் சட்டம், சர்வே, சான்றிதழ் எல்லாமே மாறும்.

வேலை நேரத்துக்கு 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள்: 24 மணியில் 10 மணி ஓய்வு, 7 நாளில் 77. இரண்டாகப் பிரித்தால் ஒன்று தொடர்ந்து 6 மணி இருக்க வேண்டும். உள்நீரில் மட்டும் ஓடும் படகுக்கு இது பொருந்தாது, ஆனாலும் நல்ல அளவுகோல். ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்), என்ஜின் டிரைவர், லஸ்கர் (தள வேலையாள்) மூன்றும் தனித்தனி ஆள்; ஸ்ராங்கே டீசல் ஊற்றி டிக்கெட்டும் கிழித்தால் அலையை யார் பார்ப்பது?

சம்பளத்தை நடைக்கு இவ்வளவு, தலைக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். மாலைக் கடைசி நடையில் நாலு பேர் கூடுதலாக ஏறுவது இதனால்தான். மாதச் சம்பளம் கொடுங்கள். படகுத்துறையில் தலை எண்ணுபவர் படகுக்காரராக இருக்கக் கூடாது. அவர் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கயிறு அவிழ்க்க வேண்டும்.