கீழ்ப்பென்னாத்தூர் வீட்டுக் குழு: கயல் கிண்டிக்குப் போகிறாள்

வியாழக்கிழமை

பெரியப்பா, இரவு 7:48
நாளைக்கு எத்தனை மணி வண்டிக்குக் கிளம்புகிறீர்கள்?

அம்மா, 7:52
விடியற்காலை நாலரைக்கு, மாமா. திருவண்ணாமலையில் இருந்து வரும் வண்டியில் ஏறி, செஞ்சி, திண்டிவனம் வழியாக ஒன்பதுக்குள் கிளாம்பாக்கம் போய்விடலாம் என்கிறார் அவர்.

கயல், 7:55
தேன்மொழி அக்காவை இந்தக் குழுவில் சேர்த்திருக்கிறேன். நம் பிள்ளையார் கோயில் தெரு அக்காதான். நான் சேரப்போகிற சிஇஜியில், அதாவது கிண்டி பொறியியல் கல்லூரியில், சிவில் மூன்றாம் ஆண்டு. யாருக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் அக்காவையே கேளுங்கள்.

தேன்மொழி அக்கா, 7:58
எல்லோருக்கும் வணக்கம். கிளாம்பாக்கத்தில் 21ஜி பேருந்து கிடைத்தால் அண்ணா பல்கலைக்கழகத்துக்கே வந்துவிடலாம். கிடைக்காவிட்டால் கிண்டியில் இறங்கி வண்டி மாறுங்கள். சாதாரண வண்டியில் ஏறினால் கயலுக்கும் அவள் அம்மாவுக்கும் கட்டணம் இல்லை, அப்பாவுக்கு மட்டும்தான். சர்தார் பட்டேல் சாலை வாசலில் நான் நிற்பேன்.

பெரியப்பா, 8:01
சேர்க்கைக்கு இன்னும் நாள் இருக்கிறதே. நாளைக்கே எதற்கு? அன்றைக்குப் போனால் போதாதா?

கயல், 8:04
அன்றைக்கு எல்லா ஊர்ப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள், பெரியப்பா. வரிசை, படிவம், சான்றிதழ் என்று பொழுது போய்விடும். இடத்தை ஒரு முறை நடந்து பார்த்துவிட்டால் அன்றைக்குப் பயம் இருக்காது. அம்மாவும் பார்த்த மாதிரி இருக்கும்.

அம்மா, 8:06
எனக்காகத்தான் மாமா. அரசாணை, அலாட்மெண்ட் எல்லாம் எனக்குப் புரியவில்லை. பிள்ளை எங்கே படுக்கும், எங்கே சாப்பிடும் என்று என் கண்ணால் பார்த்துவிட்டால் எனக்குத் தூக்கம் வரும்.

தேன்மொழி அக்கா, 8:10
கயல் அம்மா, ஒரு முக்கியமான விஷயம். விடுதியில் இடம் பிடித்துத் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று யாராவது போனில் பேசினால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா அப்படி எட்டாயிரம் ரூபாயை இழந்தார். கயல் அரசுப் பள்ளிக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருகிறாள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. எதுவாக இருந்தாலும் அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அத்தை, 8:14
நல்ல வேளை சொன்னாய் தேன்மொழி. கயல், ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைத் தனி உறையில் வை. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கும் அதைக் கேட்பார்கள். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். அசல் எதையும் லேமினேட் செய்துவிடாதே.

கயல், 8:15
சரி அத்தை. எல்லாம் பச்சைக் கோப்பில் இருக்கிறது.

தாத்தா, 8:31
கயலு, கிண்டியில் காமராசர் நினைவிடம் இருக்கிறதாமே. அது பக்கமா?

தேன்மொழி அக்கா, 8:33
பக்கம்தான் தாத்தா. எங்கள் வாசலுக்குச் சாலையின் அந்தப் பக்கம், காந்தி மண்டபத்தை ஒட்டி. நடந்தே போகலாம்.

தாத்தா, 8:34
நல்லது.

வெள்ளிக்கிழமை

கயல், காலை 9:57
வந்துவிட்டோம். தேன்மொழி அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே நுழைந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. வெளியே அவ்வளவு வண்டி, உள்ளே வெறும் மரமாக இருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

கயல், 10:12
[படம்] இதுதான் சிவப்புக் கட்டடம்.

பெரியப்பா, 10:15
கோட்டை மாதிரி இருக்கிறது!

தேன்மொழி அக்கா, 10:20
கோட்டையில் தொடங்கியதுதான் பெரியப்பா. 1794ல் மைக்கேல் டாப்பிங் என்பவர் செயின்ட் ஜார்ஜ் கோட்டைப் பக்கம் நில அளவைப் பள்ளி ஆரம்பித்தார். முதலில் எட்டே பையன்கள். அதுதான் வளர்ந்து பொறியியல் கல்லூரியாகி, சேப்பாக்கத்தில் இருந்துவிட்டு, 1920ல் இந்த இடத்துக்கு வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் என்ற பெயர் 1978ல்தான் வந்தது. அதனால் நாங்கள் இன்னமும் சிஇஜி என்றுதான் சொல்வோம். இதே வளாகத்தில் ஏசி டெக் என்கிற அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் கட்டடக்கலைப் பள்ளியும் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தின் இன்னொரு கல்லூரியான எம்ஐடி மட்டும் குரோம்பேட்டையில்.

இளங்கோ அண்ணன், 10:24
கயல், மின்னியல் துறையைப் பார்த்தாயா? அதை முதலில் பார்.

கயல், 10:26
அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறோம் அண்ணா. அப்பா எங்களுக்கு முன்னால் நடக்கிறார்.

அத்தை, 10:41
எனக்கு இப்போது இடைவேளை, அதனால் எழுதுகிறேன். கயல், நீ நிற்கிற அந்தத் துறையில் 1940ல் லலிதா என்ற பெண் சேர்ந்தார். பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கணவர் இறந்துவிட்டார், அப்போது கைக்குழந்தைக்கு நான்கு மாதம். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர். கல்லூரி முதல்வரிடம் அவர் போய்ப் பேசி இடம் வாங்கினார். அதுவரை அங்கே ஒரு பெண்கூடப் படித்ததில்லை. தனியாக இருக்கிறாரே என்று இன்னும் பெண்களைச் சேர்க்க முயன்றார்கள், தெரேசியா, லீலாம்மா என்று இருவர் சிவில் படிக்க வந்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆணுக்கான சொல்லைத்தான் அச்சடித்து வைத்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு, பெண் என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம். பிற்பாடு லலிதா பக்ரா நங்கல் அணைக்கான மின்பாதை வேலை வரை செய்தார். நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும்போது வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் சொல்லிவிடுவேன். இன்றைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்கிறேன்.

அம்மா, 10:58
கயல் எனக்குப் படித்துக் காட்டினாள். எனக்கும் பதினெட்டில்தான் கல்யாணம். அந்த அம்மா குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் படித்தாரோ.

அத்தை, 11:00
குடும்பத்தார் பார்த்துக்கொண்டார்கள், அண்ணி. அவர் விடுதியில் தங்கித்தான் படித்தார்.

அம்மா, 11:01
அப்படியென்றால் வீட்டு ஆட்களும் நல்லவர்கள்.

அப்பா, 11:19
[படம்]
[படம்]
[படம்]

பெரியப்பா, 11:22
தம்பி, எல்லாம் டிரான்ஸ்ஃபார்மராகவே இருக்கிறதே. கயலை நிற்கவைத்து ஒரு படம் எடு.

இளங்கோ அண்ணன், 11:23
சித்தப்பாவுக்கு அது கோபுர தரிசனம் மாதிரி. எடுக்கட்டும்.

அப்பா, 11:30
[குரல் பதிவு, 1:52]

அத்தை, 11:47
அண்ணன் குரலைக் கேட்டேன். வாத்தியார்கள் அறையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு வருடமாக ஊரில் வயரிங் வேலை செய்கிறவர், ஆய்வகத்தில் ஒரு ஐயா நின்று தன்னிடம் அரை மணி நேரம் உயர் அழுத்த மின்சாரம் பற்றிப் பேசினார் என்று சொல்லும்போது குரல் எவ்வளவு நிதானமாக இருக்கிறது பாருங்கள்.

தாத்தா, 11:52
ஆயாவுக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை கேட்டாள்.

கயல், 11:55
நான் பக்கத்தில்தான் நின்றேன். எர்த்திங் பற்றி அப்பா ஒரு கேள்வி கேட்டார். அந்த ஐயா, நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, பலகையில் வரைந்தே காட்டினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. அப்பாவுக்கு முழுதும் புரிந்தது.

தேன்மொழி அக்கா, பிற்பகல் 1:36
விடுதியில் பெற்றோரை வரவேற்பறை வரைதான் விடுவார்கள். அதனால் என் அறையை வீடியோவில் காட்டினேன். கயல் அம்மா ஜன்னல் கம்பியைக் கேட்டார், காட்டினேன். தண்ணீர் வருகிற நேரம் கேட்டார், சொன்னேன். காப்பாளர் அம்மாவும் பொறுமையாகப் பேசினார்.

அம்மா, 1:44
சீனியர் பிள்ளைகள் தொல்லை கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டேன். கேட்கலாமா கூடாதா என்று காலையில் இருந்து மனசில் கிடந்தது.

தேன்மொழி அக்கா, 1:47
கேட்டது நல்லது. ராகிங்குக்கு எதிராக 1997ல் இருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. 1800-180-5522 என்ற எண்ணை எல்லோரும் சேமித்து வையுங்கள், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) உதவி எண், எந்த நேரமும் பேசலாம். அதற்கெல்லாம் முன்னால் நான் இருக்கிறேன். முதல் வாரம் கயல் என்னோடுதான் சாப்பிடுவாள்.

பெரியப்பா, 1:50
எண்ணைச் சேமித்துவிட்டேன். உன்னுடையதையும் சேமித்துவிட்டேன், அம்மா.

இளங்கோ அண்ணன், 2:05
அண்ணா நூற்றாண்டு நூலகம் பக்கம்தானே, பார்த்துவிட்டு வாருங்கள். நான் போட்டித் தேர்வுக்குப் படித்தபோது நம் புத்தகத்தை நாமே கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில் ஆறு மாதம் உட்கார்ந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஊர் ஞாபகம் வந்தால் அங்கே போய் உட்கார், கயல்.

கயல், 3:18
பார்த்துவிட்டோம் அண்ணா. எட்டு மாடி. அம்மா கீழே குழந்தைகள் பகுதியிலேயே உட்கார்ந்துவிட்டார், அங்கே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு.

தேன்மொழி அக்கா, 3:25
கயல், வாளி, மக்கு, பாய் எதையும் ஊரில் இருந்து சுமந்து வராதே. சைதாப்பேட்டையில் மலிவாக வாங்கலாம், நானும் வருகிறேன். அலமாரிக்கு நல்ல பூட்டு ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கொண்டுவா.

தாத்தா, 4:02
அங்கே போனீர்களா?

அப்பா, 4:20
[படம்]
நினைவிடத்தில் இருக்கிறோம் அப்பா. கயல் பூ வைத்தாள்.

தாத்தா, 4:26
நான் மூன்றாம் வகுப்புக்குப் போனதே அந்த மதியச் சோற்றுக்காகத்தான். ஐந்தாவதோடு மாடு மேய்க்கப் போய்விட்டேன். அந்த மூன்று வருடம் படித்ததால்தான் இதை இப்போது எழுதுகிறேன். கயலு, நீ இருக்கிற நாலு வருடமும் காமராசர் மறைந்த அக்டோபர் 2ஆம் தேதி அங்கே ஒரு நடை போய்விட்டு வா. எனக்காக.

கயல், 4:27
போகிறேன் தாத்தா.

கயல், இரவு 8:36
திண்டிவனம். வண்டி பத்து நிமிடம் நின்றது. அப்பா இறங்கிப் போனார், டீ குடிக்கப் போகிறார் என்று நினைத்தோம். பூட்டு வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று சாவி. ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு. மூன்றாவதைத் தன் வீட்டுச் சாவிக்கொத்தில் கோர்த்துக்கொண்டிருக்கிறார்.

அத்தை, 8:39
அம்மா தூங்குகிறாரா?

கயல், 8:40
மேல்மருவத்தூர் தாண்டியதில் இருந்து நல்ல தூக்கம். என் தோளில்தான் சாய்ந்திருக்கிறார்.

பெரியப்பா, 8:44
எழுப்பாதே. இங்கே தூறுகிறது. செஞ்சி தாண்டியதும் சொல், நான் வண்டியை எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வருகிறேன். ஆயா ரசம் வைத்திருக்கிறாள், வெளியில் எதுவும் சாப்பிட்டுவிடாதீர்கள்.