'லீகல் டெபாசிட்': திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

தருமபுரியிலிருந்து:
வணக்கம். ஊர்ப்புற நூலகர்களுக்கான பயிற்சிக் குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிப்பாளர் தம் செலவில், நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட மூன்று பொது நூலகங்களுக்கும் படிகள் அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் 'லீகல் டெபாசிட்' எனப்படும் இதைச் 'சட்ட வைப்பு' என்று எழுதினேன். படித்தவர்கள் வங்கி வைப்புத்தொகை என்றே நினைத்தார்கள். மின்னூலுக்கும் இணையதளத்துக்கும் பொருந்துகிற சொல்லாகவும் இருந்தால் நல்லது.

கிருஷ்ணகிரியிலிருந்து:
ஐயா, வைப்பை வங்கிக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். 'பெற்றான் பொருள்வைப் புழி' என்கிறது குறள் 226. உழி என்றால் இடம், வைப்புழி என்றால் சேர்த்துவைக்கும் இடம். கன்னிமாரா ஒரு 'வைப்புழி', அங்கே நூல் சேர்ப்பது 'நூல்வைப்பு'. குறள் காலத்துச் சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஏன் தேட வேண்டும்?

அரூரிலிருந்து:
உழியை நன்னூல் ஏழாம் வேற்றுமையின் இடப்பொருள் உருபுகளோடு சேர்த்துச் சொல்கிறது. அதைப் பெயர்ச்சொல்லாக நிறுத்தினால் 'கன்னிமாரா வைப்புழியில்' என்று உருபின்மேல் உருபு ஏறும். என் பரிந்துரை 'நூல்திறை'. அரசு ஆணைக்குப் பணிந்து செலுத்துவதுதானே?

பென்னாகரத்திலிருந்து:
திறை தோற்றவன் கட்டுவது. அதியமான் ஆண்ட மண்ணிலிருந்து அந்தச் சொல் போக வேண்டாம் அண்ணா. நூல் எழுதியவன் யாரிடமும் தோற்கவில்லை.

ஓசூரிலிருந்து:
'ஒப்படைப்பு' என்றால் எல்லாருக்கும் விளங்கும். ஆனால் அது அச்சு நூலுக்கு மட்டும்தான் சரி. 1954 சட்டம் 'நூல்' என்று அச்சிட்டதையும் கல்லச்சில் எடுத்ததையும்தான் சொல்கிறது. இணையத்தில் மட்டும் வரும் ஒரு சிற்றிதழை அது கேட்கவே இல்லை. நடத்துபவர் தளத்துக்குப் பணம் கட்டாமல் விட்டால் இதழே போய்விடும். பிரிட்டனில் 2013 முதல் நூலகங்களே அந்நாட்டு இணையதளங்களைப் படியெடுத்துக்கொள்ளலாம். அந்தத் தளங்களை யாரும் கொண்டுபோய் ஒப்படைப்பதில்லை, நூலகம் போய்த் திரட்டுகிறது. அந்த வேலைக்கு 'வலைத்திரட்டு' என்று தனிச்சொல் வேண்டும்.

இன்னொன்று. நம் பக்கத்து நடுகற்களைப் 'பெயரும் பீடும் எழுதி' நட்டுவிட்டுப் போனார்கள். யாரும் தொடாமலே எழுத்து நின்றது. மின்கோப்பு அப்படி நிற்காது. வட்டு பழுதாகும், கோப்பு வடிவம் வழக்கொழியும், சில ஆண்டுக்கொரு முறை புதிதாகப் படியெடுக்க வேண்டும். ஆகவே வைப்பு என்ற வினையே இங்கே தவறு, பேணல்தான் வேலை. பயிற்சியில் நூலகர்களுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
பி.எட். மாணவர்களுக்கு ஒப்படைப்பு என்றால் அசைன்மென்ட். அந்தக் குழப்பம் மட்டும் பரவாயில்லையா?

தருமபுரியிலிருந்து:
சரி, நேரமில்லை. அச்சு நூலுக்குச் 'சட்ட ஒப்படைப்பு', இணையத்துக்கு 'வலைத்திரட்டு', இரண்டுக்கும் பின்னால் 'மின்பேணல்' என்று தனிப் பத்தி. மூன்று பேர் இதற்கு இசைந்திருக்கிறார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
நான் இசையவில்லை. அடிக்குறிப்பிலாவது வைப்புழி வரட்டும் ஐயா.