லெவலும் வேண்டாம், லூட்டும் வேண்டாம், கதை மட்டும் போதும்: அப்படி கேம் இருக்கிறதா?

மழைக்காகிதம்:
எண்பது மணி நேரம் ஓடிய ஒரு ஆர்.பி.ஜி.யை (நம் பாத்திரத்தை லெவல் லெவலாக வளர்த்து ஆடும் கேம்) இப்போதுதான் முடித்தேன். கதை பிடித்திருந்தது. ஆனால் பாதி நேரம் எந்த வாள் நல்ல வாள் என்று ஒப்பிடுவதிலும், லூட்டால், அதாவது வழியில் கிடைக்கும் பொருட்களால், பை நிறைந்துவிட்டதே என்று பழையதை விற்பதிலும் போய்விட்டது. கதை கேட்க வந்தவனைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். லெவல், ஸ்கில் பாயிண்ட் தொல்லை இல்லாமல் கதை பலமாக உள்ள கேம் சொல்லுங்கள். கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் டேக் போட்டுத் தேடினால் மறுபடியும் ஆர்.பி.ஜி.தான் வரிசையாக வந்து நிற்கிறது.

கோட்டைத்தளபதி:
கஷ்டம்தான். கதையில் நமக்குப் பங்கு வேண்டுமென்றால் ஆர்.பி.ஜி.யை விட்டால் வழியில்லை. மற்றதெல்லாம் நடுநடுவே பட்டனை அழுத்தச் சொல்லும் சினிமா. தி லாஸ்ட் ஆஃப் அஸ் (2013) எடுத்துக்கொள்ளுங்கள். (ஸ்பாய்லர், முடிவைச் சொல்கிறேன், விளையாடாதவர்கள் தாண்டிப் போகவும்.) கடைசியில் அந்த அறுவை சிகிச்சை அறையில் டாக்டரைக் கொல்ல எனக்கு மனமே வரவில்லை. ஐந்து நிமிடம் சும்மா நின்று பார்த்தேன். அவர் கத்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், நானும் நிற்கிறேன். கொன்றால்தான் கதை நகரும். இதில் என் பங்கு என்ன?

ஒற்றைவிளக்கு:
அந்த ஐந்து நிமிடம்தான் உங்கள் பங்கு. சினிமாவில் நாயகன் ஜோயல் கொன்றிருப்பார், நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே உங்கள் கை தயங்கியது.

மழைக்காகிதம், வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபிஞ்ச் (2017) விளையாடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் லூயிஸ் என்று ஒருவன், மீனை டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை. கையிலுள்ள கன்ட்ரோலரின் ஒரு ஸ்டிக்கால் மீனை இழுத்து, தலையை வெட்டி, அப்பால் தள்ள வேண்டும். அடுத்த மீன். மறுபடி அதே. இன்னொரு ஸ்டிக்கால் அவன் மனதுக்குள் கட்டும் ராஜ்ஜியத்தில் நடக்கிறோம். அந்தக் கற்பனை திரையின் ஓரத்தில் சின்னதாகத் தொடங்கி, வளர்ந்து, ஆலையையே மூடிவிடும். மீன் கண்ணுக்குத் தெரியாது, ஆனாலும் கை பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருக்கும். அவனுடைய மருத்துவர் அவன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் பின்னால் ஒலிக்கும். முடிவைச் சொல்ல மாட்டேன். எத்தனை வசனத் தேர்வு கொடுத்தாலும் அவன் மனநிலை எனக்கு இப்படிப் புரிந்திருக்காது.

கோட்டைத்தளபதி:
நல்ல காட்சி, மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு காட்சி. அதோடு, கேள்வி கேட்டவரின் கோபம் ஆர்.பி.ஜி. மேல் இல்லை, பையின் மேல். டிஸ்கோ எலிசியம் (2019) ஆர்.பி.ஜி.தான். சண்டைக்கென்று தனி முறையே கிடையாது, முழுக்கப் பேச்சு.

மழைக்காகிதம்:
அதில் இருபத்து நான்கு ஸ்கில் இருக்கிறதாமே. வேண்டாம் சாமி.

பாய்மரம்:
சண்டைக்கு நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின் (2018) பெயரை ஏன் யாரும் எடுக்கவில்லை? 1807-ல் ஆளே இல்லாமல் கரைக்குத் திரும்பும் கப்பல். நாம் காப்பீட்டுக் கணக்கெடுக்கும் அதிகாரி. பிணத்தின் அருகே கடிகாரத்தைத் திறந்தால், சாவதற்கு முந்தைய சில நொடிப் பேச்சு கேட்கும். அப்புறம் அந்தக் கணம் சிலைபோல உறைந்து நிற்கும். அறுபது பேர், யார் யார், எப்படிச் செத்தார்கள் என்று நாமே எழுத வேண்டும். மும்மூன்று பேராகச் சரியாக எழுதினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். சில மாலுமிகளை நான் தொங்குபடுக்கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன்.

கோட்டைத்தளபதி:
அது புதிர். கதை நாம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

ஒற்றைவிளக்கு:
எல்லாத் துப்பறியும் கதையும் அப்படித்தான், தளபதி. அவுட்டர் வைல்ட்ஸ் (2019) இன்னும் மோசம். இருபத்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். சேர்த்துவைக்க ஒரு பொருள் கிடையாது, தெரிந்துகொண்டது மட்டும்தான் மிச்சம். வேண்டியது முன்பே தெரிந்திருந்தால் முதல் சுற்றிலேயே முடித்திருக்கலாம் என்பது பின்னால்தான் உறைக்கும். நம் பங்கு என்று கேட்டீர்களே, இதைவிட என்ன வேண்டும்?

கோட்டைத்தளபதி:
சரி, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். ஃபயர்வாட்ச் (2016) என்று யாராவது ஆரம்பித்தால் மறுபடி சண்டைக்கு வருவேன். அதில் வாக்கி-டாக்கியில் நம் மேலதிகாரி டிலைலா பேசும்போது பதில் சொல்லாமல் மௌனமாக இருந்தாலும் அதற்கும் அவள் ஏதாவது சொல்வாள். அவ்வளவு அழகாகத் தொடங்கிவிட்டு, கடைசியில் கையை விரித்துவிட்டார்கள்.

பாய்மரம்:
அந்த ஏமாற்றத்துக்காகத்தான் எனக்கு அது பிடிக்கும். அதை இன்னொரு நாள் பேசுவோம்.

மழைக்காகிதம்:
கப்பலைத்தான் வாங்கினேன். இரவு இரண்டரை மணி. ஒன்பது பேர் பெயர் சரியாக விழுந்திருக்கிறது. தயவுசெய்து சமையல்காரர் யார் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.