நாலு ரேம் போட்டா 3600 ஏற மாட்டேங்குது, போர்டு பிரச்சனையா?

மக்களே கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. ரைசன் 5 5600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, டிடிஆர்4 3600 ரேம் 8 ஜிபி நாலு. எக்ஸ்எம்பி (ரேம அதோட முழு வேகத்துல ஓட வைக்கற பயாஸ் செட்டிங்) ஆன் பண்ணா டிஸ்ப்ளேயே வரல, போர்டுல டிராம்னு இருக்குற லைட் மட்டும் எரிஞ்சுட்டே நிக்குது, சிமாஸ் கிளியர் பண்ணி பயாஸ் செட்டிங்க பழையபடி ஆக்குனாதான் திரும்ப பூட் ஆகுது. 3200ல ஜம்முனு ஓடுது. ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல மட்டும் போட்டா 3600 உடனே எடுக்குது, எந்த ஜோடிய மாத்திப் போட்டாலும் சரி, அதனால ரேம் மேல சந்தேகம் இல்ல. எஃப்கிளாக்க (ப்ராசசர் உள்ள இருக்குற இணைப்போட வேகம், 3600 ரேமுக்கு ஜோடி 1800) மட்டும் 1800 வெச்சு ரேம 3200லயே விட்டேன், அதுவும் பூட் ஆச்சு, அதனால எஃப்கிளாக்கும் காரணம் இல்லனு தோணுது. ரேம் வோல்டேஜ் 1.4, எஸ்ஓசி (ப்ராசசர்ல ரேம கவனிக்கற பகுதி) வோல்டேஜ் 1.1 குடுத்தும் அசையல. டெய்சி செயின் போர்டுனா (ரேம் ஸ்லாட்ட ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணா லைன் இழுத்து இணைச்சது) நாலு ஸ்டிக்குக்கு மூச்சு வாங்கும்ங்கறாங்க. 3466 ட்ரை பண்ணவா, இல்ல 16 ஜிபி ரெண்டு வாங்கிடவா? போர்ட மாத்துனு மட்டும் சொல்லாதீங்க, வீட்ல அடி விழும்.